சோத்தாங்கைப் பக்கம்

என் வீட்டுக்காரர் இரண்டாவது தடவையாக விழுந்து, உண்ணிச்செடிப் புதருக்குள் போன அன்றைக்குத்தான், மலைக்கு எங்கள் பேச்சு சரியாகப் பிடிபடவில்லை என்பது எனக்குத் தெரிந்தது.

மலை பேசுமா என்று கேட்பீர்கள். எங்கள் மலை பேசும். பன்றிமலையிலிருந்து ஆடலூர் போகிற வழியில், ஆள் இல்லாமல் கிடந்த மக்கலான் எஸ்டேட்டில்தான் அந்தக் கூத்து. என் வீட்டுக்காரர் சவரிமுத்து அந்தக் காப்பிக் காட்டுக்குள் பதினான்கு வருஷமாக சைக்கிள் தடம் வெட்டினார். ஏறுகிற தடம், இறங்குகிற தடம், ஓடை தாண்டுகிற தடம், பாறை மேல் போகிற தடம் என்று மொத்தம் இருபத்துமூன்று. முதலில் ஒரு மண்வெட்டியும் அவரும்தான். பிறகு திண்டுக்கல், மதுரைப் பக்கமிருந்து பையன்களும் பெண்களும் தடித்த டயர் சைக்கிளோடு வர ஆரம்பித்தார்கள். அப்புறம் பெங்களூரிலிருந்து கார் மேல் சைக்கிளைக் கட்டிக்கொண்டு வந்தார்கள். அவர்களுக்கெல்லாம் டீயும் முட்டைத் தோசையும் போட்டுக் கொடுக்க, எஸ்டேட் கேட்டுக்குப் பக்கத்தில் நான் ஒரு கடை வைத்தேன். என் பெயர் பிலோமினா.

கேட்டுக்கு உள்ளே நான் போனதே கிடையாது. மண்ணை இங்கிருந்து வெட்டி அங்கே போடுவது ஒரு வேலையா என்று எனக்கு அவர் மேல் வருஷக்கணக்கில் கோபம். சாப்பாட்டு நேரத்துக்கு வர மாட்டார். வந்தால் முழங்கால் வரை சேறு. அந்த மனுஷனுக்குக் கண்ணில் அழுத்தம் கூடி, மூன்று வருஷத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் பார்வை போய்விட்டது. கடைசியில் வெளிச்சமா இருட்டா என்பது மட்டும் மிச்சம். ஐம்பத்துநாலு வயசில் கடை பெஞ்சில் உட்கார்ந்து, போகிற சைக்கிளின் சத்தத்தை வைத்து, "செயின்ல எண்ணெய் இல்ல, எண்ணெய் போடச் சொல்லு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அதைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் கோதைநாயகி வந்தாள். கோயம்புத்தூர்ப் பெண், முப்பது வயசிருக்கும், கம்பெனியில் என்ஜினீயர். அவளுடைய ஆட்கள் தடங்களின் ஓரத்தில் பத்தடிக்கு ஒரு கல் புதைத்தார்கள். பார்க்க எல்லைக்கல் மாதிரி இருக்கும். அந்தக் கல் தன் பக்கத்தில் ஓடுகிற சக்கரத்தின் பாரத்தை மண் வழியாகவே உணரும். சைக்கிள் எங்கே, எவ்வளவு வேகம், எந்தப் பக்கம் சாய்கிறது என்று அதற்கு அங்குல சுத்தமாகத் தெரியும். தெரிந்ததை, ஓட்டுகிறவர் மாட்டியிருக்கிற கருவி வழியாகக் காதுக்குள் சொல்லும். வழி தெரியாத வெளியூர்க்காரர்கள் கீழே விழாமல் இருக்கத்தான் அதைச் செய்தார்கள். பெயர் வழித்துணை.

"கண்ணு இருக்கறவங்களுக்கு வழி சொல்ற மெஷின், கண்ணு இல்லாதவங்களுக்குச் சொல்லாதுங்களா?" என்று கோதை ஒருநாள் டீ குடித்துக்கொண்டே கேட்டாள். இவர் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு தடங்களைப் பார்த்துக்கொள்கிற குழு கூடியது. பார்வையில்லாத ஒருவர், ஓணான் தடம் என்கிற பதினோராம் தடத்தை, விழாமல், தரையில் கால் ஊன்றாமல் ஒரு தடவை முழுசாக ஓட்டிக் காட்ட வேண்டும். மூன்று வாய்ப்பு. மூன்றும் தவறினால் பார்வையில்லாதவர்கள் கேட்டுக்கு உள்ளே நடந்துகூடப் போகக் கூடாது, ஏதாவது ஆகிவிட்டால் யார் பொறுப்பு என்று எழுதி வைத்துவிட்டார்கள். தான் வெட்டிய தடத்தில் இந்த மனுஷன் சாகிற வரைக்கும் கால் வைக்க முடியாது என்பதுதான் அதற்கு அர்த்தம். அவர் சரி என்று கையெழுத்துப் போட்டார், நான் அவரோடு இரண்டு நாள் பேசவில்லை.

முதல் வாய்ப்பில் மூன்றாவது வளைவில் காப்பிச் செடிக்குள் போனார். இரண்டாவதில் ஆறாவது வளைவில் புதருக்குள் போனார். அந்தத் தடவை மணிக்கட்டு பிசகிவிட்டது.

கோதை மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு கடையில் உட்கார்ந்திருந்தாள். முகமே சரியில்லை. "மெஷின் சரியாத்தானுங்க சொல்லியிருக்கு. திரும்பத் திரும்பக் கேட்டுட்டேன். அண்ணனுக்கு அது காதுலயும் விழுந்திருக்கு. ஆனா எதிர்ப்பக்கம் திரும்பறாரு. ரெண்டு தடவையும் அப்படித்தான். திசை உணர்ச்சியே போயிடுச்சுன்னு குழுவுல எழுதப் போறாங்க."

"எனக்கா திசை தெரியாது?" என்று பெஞ்சிலிருந்து இவர் கேட்டார். சத்தம் போடவில்லை.

நான் அவருடைய கட்டுப் போட்ட கையைத் தூக்கித் துணியில் தொங்கவிட்டேன். தோசையைப் பிய்த்து ஊட்டலாம் என்று தட்டை எடுத்தபோது, ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டுமே என்று கோதை, "நல்ல வேளைங்க அக்கா, பீச்சாங்கையில அடிபட்டுச்சு. சோத்தாங்கை நல்லா இருக்குது, அண்ணன் தானே சாப்பிட்டுக்குவாரு" என்றாள்.

"என்னத்த தானே சாப்பிடுவாரு? இவருக்கு அதுதான தாயி சோத்தாங்கை?" என்றேன். "பொறந்ததுலருந்து இந்தக் கையிலதான் சாப்பாடு. பள்ளிக்கூடத்துல பிரம்பு உடைய அடிச்சும் மாறல."

கோதை கணினியை விட்டு எழுந்துவிட்டாள். "அக்கா, மெஷின் என்ன வார்த்தை சொல்லுது தெரியுங்களா?"

எனக்கு எப்படித் தெரியும். வழித்துணை காதுக்குள்தானே பேசும்.

அவள் போட்டுக் காட்டினாள். 'சோத்தாங்கைப் பக்கம் ஒடி. பீச்சாங்கைப் பக்கம் சாயி.' திண்டுக்கல் பையன்கள் தடத்தில் ஒருவருக்கொருவர் கத்துகிற அதே வார்த்தைகள். கல் புதைத்ததிலிருந்து மூன்று வருஷமாக, மூவாயிரம் பேர் ஓட்டும்போது பேசியதையெல்லாம் கேட்டுத்தான் அந்த மெஷின் பேசப் பழகியதாம். எல்லாரும் எப்படிச் சொல்கிறார்களோ அப்படியே அதுவும் சொன்னது.

"ஏங்க, உங்களுக்குச் சோத்தாங்கைன்னா மத்தவங்க எதைச் சொல்றாங்கன்னு தெரியாதா?" என்று இவரைக் கேட்டேன். எனக்கு ஆத்திரம், அழுகை, சிரிப்பு எல்லாம் சேர்ந்து வந்தது.

"தெரியாம என்ன? உக்காந்து கேட்டா தெரியும். எறக்கத்துல வர்றப்ப எங்கிட்டு இருக்கு யோசிக்க நேரம்? சோத்தாங்கைன்னதும் சோறு திங்கிற கை திரும்பிருது. முன்னாடி கண்ணு இருந்துச்சு, வார்த்தை தேவைப்படல."

"மத்தவங்களெல்லாம் வார்த்தை மாறினாலும் கண்ணால பாத்துத் திருத்திக்குவாங்கல்லங்க, அதான் இது எங்களுக்குத் தெரியவே இல்ல" என்றாள் கோதை.

"மூவாயிரம் பேருல இவரை மாதிரி கைக்காரங்க ஒருத்தர்கூடவா இல்ல?"

"முந்நூறு பேராவது இருந்திருப்பாங்க அக்கா. ஆனா அவங்களும் மத்தவங்க சொல்ற மாதிரியேதான் சொல்லியிருக்காங்க. சின்ன வயசுலருந்து அப்படியே பழகிட்டாங்க. அவங்களே சொல்லலைன்னா மெஷினுக்கு எப்படிங்க தெரியும்?"

இவருக்கு அடிபட்ட இடங்களை எல்லாம் நான் பார்த்திருக்கிறேன். பிரம்பு பட்ட தழும்பு உள்ளங்கையில் இன்னும் இருக்கிறது. எல்லாரும் சேர்ந்து அடித்ததில் மெஷினும் சேர்ந்துகொண்டது என்று நினைத்தேன், ஆனால் கோதையிடம் சொல்லவில்லை. அவள் பாவம்.

இவருக்கு மட்டும் வார்த்தையை மாற்றிப் போட முடியாதா என்றால், முடியாதாம். தடம் பிரிகிற இடங்களில் கல்லும் சத்தமாகப் பேசும். முன்னால் போகிறவரும் பின்னால் வருகிறவரும் ஒரே வார்த்தையைக் கேட்டால்தான் இடித்துக்கொள்ள மாட்டார்கள். வலது, இடது என்று சொல்லலாமா என்று அன்றைக்கே கடை முற்றத்தில் சோதித்தாள். 'வலது' என்றால் இவர் உடம்பு ஒரு நொடி நின்றுதான் திரும்பியது. பிரம்புக்காகக் காத்திருக்கிறது போல. இறக்கத்தில் ஒரு நொடி என்பது மூன்று ஆள் நீளம் என்றாள் கோதை.

"நீங்கள்லாம் ஏன் கையையே சொல்லிக்கிட்டு இருக்கீங்க?" என்று எனக்குக் கோபம் வந்துவிட்டது. "எங்க மலையில ஆடு மாடு பத்துறவங்க யாராவது கையச் சொல்லிக் கேட்டுருக்கியா? மேட்டுப் பக்கம் ஓட்டு, பள்ளத்துப் பக்கம் மறி, அம்புட்டுத்தான். சரிவுல நிக்கிறவனுக்கு ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் பள்ளம். இது காலுக்கே தெரியும். கண்ணு எதுக்கு, கை எதுக்கு?"

கோதை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "அக்கா, எந்த வளைவுல மேடு எது, பள்ளம் எதுன்னு கூட வந்து சொல்றீங்களா?" என்று கேட்டாள். இப்படித்தான் நான் அந்தக் கேட்டுக்குள் போனேன்.

பத்தொன்பது நாள் நடந்தோம். நான் முன்னால், என் தோளில் நல்ல கையை வைத்துக்கொண்டு இவர் பின்னால், கருவியைத் தூக்கிக்கொண்டு கோதை கடைசியில். ஒவ்வொரு வளைவிலும் நின்று நான் சொல்ல வேண்டும். கல் அதைப் பதிந்துகொள்ளும். பாதத்துக்கு எவ்வளவு சாய்வு தெரிகிறது என்று இவரைக் கேட்டுக்கொள்வேன். 'ஒரு பொட்டு மேட்டுப் பக்கம்.' 'நல்லா பள்ளத்துப் பக்கம்.' ஒரு பொட்டு, கொஞ்சம், நல்லா என்று மூன்று அளவு. கோதையின் கணினிக்குள் இந்த மூன்றும் எண்களாகப் போயின. எனக்கு அந்த எண்கள் புரியவில்லை, அதற்கு நான் சொன்னது புரிந்துவிட்டது.

முதல் நாளே எனக்குக் கண் கலங்கியது. அவர் என்னவோ குழி வெட்டிக்கொண்டிருந்தார் என்று நினைத்திருந்தேன். இரண்டாம் தடம் சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவில் வளைந்து வளைந்து போகிறது, ஒரு மரத்தின் வேரைக்கூட வெட்டவில்லை. ஏழாம் தடத்தில் தண்ணீர் ஓடுகிற இடத்தில் தட்டுக் கற்களை அடுக்கியிருக்கிறார், மழைத் தண்ணீர் தடத்தை அறுக்காமல் ஒதுங்கி ஓடையில் இறங்குகிறது. நாலாம் தடத்தில் பலா மரத்தடியில் வேண்டுமென்றே ஒரு மேடு வைத்திருக்கிறார். பலா பழுக்கிற காலத்தில் கரடி வருமாம், வேகமாக வருகிறவன் அங்கே மெதுவாகியே தீர வேண்டும்.

"இதெல்லாம் நீங்க ஒத்த ஆளா செஞ்சீங்களா?"

"ஆமா. அப்ப நீ தோசைக் கல்லுல இருந்த."

ஒன்பதாம் தடத்தில் ஓர் இடம். நேராகப் போக வேண்டிய தடம் எந்தக் காரணமும் இல்லாமல் விளிம்பு வரை போய்த் திரும்புகிறது. "இங்க எதுக்குங்க வளைச்சீங்க?" என்று கேட்டேன்.

தோளில் வைத்திருந்த கையால் என்னை விளிம்புப் பக்கம் திருப்பினார். "அங்கிட்டுக் கீழ பாரு. நம்ம கடை ஓடு தெரியுதா?"

தெரிந்தது. அடுப்பை அணைத்துவிட்டு வந்ததால் புகை இல்லை.

"புகை வருதான்னு பாத்துட்டுப் போவேன்" என்றார்.

"சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா, வேலையை விட்டுட்டு வேடிக்கை பாக்குறீங்களான்னு கேப்ப."

கேட்டிருப்பேன்தான். பதினான்கு வருஷம் நான் பேசிய பேச்செல்லாம் ஞாபகம் வந்து, அந்த வளைவில் மேடு எது பள்ளம் எது என்று சொல்லாமல் முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். கோதை நல்ல பெண். கருவியில் ஏதோ கோளாறு என்று சொல்லி, அந்தப் பக்கம் திரும்பி நின்றாள்.

ஒரே ஓர் இடத்தில்தான் எங்கள் வார்த்தை உதவவில்லை. ஓணான் தடத்தின் உச்சியில் ஒரு முகடு. நூற்றைம்பது அடி நீளம், இரண்டு முழ அகலம், ஓணான் முதுகு என்று பெயர். அதில் நின்றால் இரண்டு பக்கமும் பள்ளம். மேடே கிடையாது. இரண்டு பக்கமும் புல் சரிவுதான், உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் சறுக்கினால் கால் ஊன்றாமல் தப்பிக்க முடியாது. கோதை தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். இவர்தான் முகத்தைத் தூக்கி, "காலையில எட்டு மணிக்கு இங்க வெயில் ஒரு கன்னத்துல மட்டும் அடிக்கும்" என்றார். அதையே வைத்துக்கொண்டோம். வெயில் பக்கம், நிழல் பக்கம்.

இப்போது வழித்துணை முழுக்க என் குரலில் பேசியது. "வீட்லயும் நீ, காட்லயும் நீயா?" என்று இவர் சலித்துக்கொண்டார். ஆனால் சாயங்காலம் பெஞ்சில் உட்கார்ந்து அந்தப் பதிவைக் காதில் மாட்டிக்கொண்டு, கூடவே இடுப்பை அசைத்து அசைத்துப் பழகிக்கொண்டிருந்தார். கையும் சரியாகிவிட்டது.

மூன்றாவது வாய்ப்பு ஒரு வியாழக்கிழமை. குழுவிலிருந்து இரண்டு பேர் வந்து, கேட்டுக்குப் பக்கத்துக் கொட்டகையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். கோதையின் திரையில் ஒரு கோடு தெரிந்தது. கோட்டின் மேல் ஒரு புள்ளி. அந்தப் புள்ளிதான் என் வீட்டுக்காரர்.

ஏழே முக்காலுக்குக் கிளம்பினார். முதல் ஏற்றம் போனது. மூன்றாவது வளைவில் என் குரல் 'கொஞ்சம் மேட்டுப் பக்கம்' என்றது, புள்ளி கோட்டை விட்டு நகரவே இல்லை. ஆறாவது வளைவும் தாண்டியது. கோதை என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அப்போதுதான் வெளிச்சம் மங்கியது. வெளியே எட்டிப் பார்த்தேன். ஆடலூர்ப் பக்கமிருந்து பனிமூட்டமாக மஞ்சு இறங்கி, உச்சியே தெரியவில்லை. வெயிலே இல்லை.

"கோதை, ஓணான் முதுகுல வெயில் இல்லடி" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

புள்ளி முகட்டில் ஏறியது. வழித்துணை தன் பாட்டுக்கு, 'ஒரு பொட்டு வெயில் பக்கம்' என்றது. இவர் எந்தப் பக்கமும் திரும்பவில்லை. திரும்ப என்ன இருக்கிறது? கன்னத்தில் ஒன்றும் படவில்லை. மறுபடியும் அது, 'வெயில் பக்கம்' என்றது. புள்ளி கோட்டிலிருந்து மெல்ல விலகியது. வேகம் குறைந்தது. கால் ஊன்றப் போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஊன்றினால் எல்லாம் முடிந்தது.

கணினியில் மாட்டியிருந்த, அவர் காதுக்குப் போகிற மைக்கை நான் பிடுங்கினேன். குழுக்காரர் ஒருவர் எழுந்து, "அம்மா, வெளியாள் பேசக் கூடாது" என்றார்.

"வழித்துணையோட குரலே இவங்க குரல்தானுங்க" என்றாள் கோதை. "இவங்க எப்படிங்க வெளியாள்?"

எனக்கு எந்த வார்த்தையும் கிடைக்கவில்லை. கை கிடையாது, மேடு கிடையாது, வெயில் கிடையாது. வாயைத் திறந்தேன், வந்தது இதுதான்.

"என்னங்க. ஒரு பொட்டு எம் பக்கம் வாங்க."

புள்ளி கோட்டுக்கு வந்துவிட்டது.

"அப்படியே வாங்க. இப்ப கொஞ்சம் சுவத்துப் பக்கம். போதும். எம் பக்கம். ஒரு பொட்டு. வாங்க, வாங்க."

கொட்டகையில் யாருக்கும் நான் பேசியது விளங்கவில்லை. திரையில் புள்ளி மட்டும் கோட்டின் மேலேயே வந்துகொண்டிருந்தது. நூற்றைம்பது அடியும் அப்படித்தான் வந்தார். முகடு தாண்டி மேடும் பள்ளமும் திரும்ப வந்ததும் மைக்கைக் கோதையிடம் கொடுத்துவிட்டு, கொட்டகைக்குப் பின்னால் போய் வாய்விட்டு அழுதேன்.

கல்யாணத்தன்று பந்தியில் நான் இவருக்கு இடப்பக்கம் உட்கார்ந்தேன். இவர் இடது கையால் சாப்பிட, நான் வலது கையால் சாப்பிட, இரண்டு முழங்கையும் இடித்து என் பட்டுச் சேலையில் ரசம் கொட்டியது. அன்றிலிருந்து இவருக்கு வலப்பக்கம்தான் நான். பந்தியில், பஸ்ஸில், வத்தலகுண்டு சந்தைக்கு நடக்கும்போது, எல்லா இடத்திலும். வீட்டில் படுத்தாலும் இவருக்கு அந்தப் பக்கம் சுவர், இந்தப் பக்கம் நான். முப்பத்தொரு வருஷத்தில் ஒருநாள்கூட இடம் மாறியதில்லை. இதை நாங்கள் பேசிக்கொண்டதும் இல்லை. அதனால்தான் இவருக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

இறங்கி வந்தவரைக் கைத்தாங்கலாகப் பிடித்தேன். உடம்பெல்லாம் பனி ஈரம்.

"மஞ்சு இறங்கிருச்சோ?"

"ஆமாங்க."

"பயந்துட்டியா?"

"ரொம்பப் பயந்துட்டேங்க" என்றேன். "உங்களுக்கு மறுபடி இந்த மலை இல்லாமப் போயிருமோன்னு பயந்துட்டேன்."

"எனக்கும்தான். உங்குரல் கேட்டதும் சரியாப் போச்சு" என்றார். இந்த மனுஷன் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தையை நான் அதற்கு முன் கேட்டதில்லை. குழுக்காரர்களுக்கு முன்னாலேயே இவர் கன்னத்தைத் துடைத்துவிட்டேன்.

கோதை கணினியைக் காட்டினாள். மேடு, பள்ளத்துக்கு இவர் உடம்பு திரும்ப எடுத்த நேரத்தில் பாதிகூட 'எம் பக்கம்' என்றதற்கு ஆகவில்லையாம். "இதை எப்படிங்க மெஷினுக்குச் சொல்லித் தர்றது?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள்.

பார்வையில்லாதவர்களுக்குத் தடங்கள் திறந்துவிட்டன. இருபத்துமூன்றிலும் மேட்டுப் பக்கமும் பள்ளத்துப் பக்கமும்தான் இப்போது பேச்சு. கண் தெரிகிறவர்களும் அதைத்தான் கேட்டு ஓட்டுகிறார்கள். பெங்களூர்ப் பெண்ணொருத்தி என் கடையில் நின்று சிநேகிதியிடம், "ஒரு பொட்டு மேட்டுப் பக்கம் நகரு" என்றதைக் கேட்டு எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

ஓணான் முதுகுக்கு மட்டும் கோதை வேறு வழி செய்தாள். பெயர் பதிகிற தாளில் கடைசியில் ஒரு கேள்வியைச் சேர்த்தாள். 'உங்களோடு வழக்கமாகக் கூட நடப்பவர் யார்? எந்தப் பக்கம் நடப்பார்?' அதைச் சொன்னால், அந்த ஆளின் குரலை நாலு வார்த்தை வாங்கிக்கொண்டு, முகட்டில் வழித்துணை அந்தக் குரலில் 'எம் பக்கம்' என்று சொல்லும். தேனிக்காரர் ஒருவர், தன் அம்மா, இடப்பக்கம், அம்மாவுக்கு இடது காது கேட்காது என்று எழுதச் சொன்னார். ஒட்டன்சத்திரத்துப் பையன் தன் தங்கச்சி பெயரைச் சொல்லி, அவள் எந்நேரமும் இடித்துக்கொண்டேதான் வருவாள் என்றான். எனக்கு அந்தத் தாளைப் படிக்கப் பிடித்திருந்தது.

ஆடி மாசம் தனபாக்கியம் வந்தார். நிலக்கோட்டைப் பூ மார்க்கெட்டில் பூ எடை போடுகிறவர், நாற்பது வயசுக்குள் இருக்கும். பார்வை போய் இரண்டு வருஷம் என்றார். பஸ் ஏறி, வழி கேட்டுக் கேட்டு, தனியாகவே மலைக்கு வந்து சேர்ந்திருந்தார். சின்ன வயசில் சைக்கிளில் பூக்கூடை வைத்து நாலு ஊருக்கு ஓட்டுவாராம். கடை பெஞ்சில் இவருக்குப் பக்கத்தில் உட்கார வைத்துக் கோதை ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினாள். கடைசிக் கேள்வி வந்தது.

"கூட நடக்கறதுங்களா?" என்றார் தனபாக்கியம். "அப்படி யாரும் இல்லீங்க. அதுக்குக் கோடு போட்டு விட்ருங்க."

கோதையின் பேனா நின்றுவிட்டது. கோடு போட முடியாது. அந்த இடம் காலியாக இருந்தால் பதினோராம் தடம் அவருக்குத் திறக்காது. அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் என் முகத்தைப் பார்த்தாள். எனக்கு அந்தக் கேள்வி மேலேயே ஆத்திரம் வந்தது. அதை எழுதும்போது எங்கள் யாருக்கும் இது தோன்றவே இல்லையே. இவரை மாதிரி கைக்காரர்களை மெஷின் விட்டுவிட்டது என்று கோபப்பட்டோம், இப்போது கூட நடக்க ஆள் இல்லாதவர்களை நாங்களே விட்டுவிட்டோம்.

"பிலோ" என்றார் இவர்.

நான் தோசைக் கல்லை இறக்கி வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு போனேன். "எங்கூட நடக்கிறீங்களா? கொஞ்ச நாள் ஆகும். பழகுற வரைக்கும் எங்க வீட்லயே தங்கிக்கிரலாம்."

தனபாக்கியம் என் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார். "எம்புட்டு நாளுங்க ஆகும், பழக?"

"எங்களுக்கு முப்பத்தொரு வருஷம்" என்றார் இவர். "உங்களுக்குச் சீக்கிரம் வந்துரும். இவ சத்தமாப் பேசுவா."

கோதை தாளில் என் பெயரை எழுதிவிட்டு, "எந்தப் பக்கம்னு எழுதட்டுங்க?" என்று கேட்டாள்.

என் கால் தன்னால் வலப்பக்கம் போனது. ஆனால் தனபாக்கியம் குச்சியை வலது கையில் பிடித்திருந்தார். நான் சுற்றிப் போய் இடப்பக்கம் நின்றேன். அந்தப் பக்கம் நின்று எனக்குப் பழக்கமே இல்லை. கேட்டிலிருந்து முதல் வளைவு வரைக்கும் போவதற்குள் நாங்கள் இரண்டு பேரும் நாலு தடவை இடித்துக்கொண்டோம்.